கிங்கிகினில் இரண்டு தம்பதியர்

ஒரே ஊர், ஒரே மிஷன், ஒரே பள்ளிக்கூடம். அந்தப் பள்ளி தொடங்கிய மூன்றாம் ஆண்டில் ஓர் ஆசிரியரை அவருடைய பழைய மாணவர்களே சுட்டுக் கொன்றார்கள். அதன்பின் ஐந்தாண்டுகூட ஆகாத நிலையில், அதே ஊர் இளைஞர்கள் மற்றோர் ஆசிரியரோடு, கடும் குளிர்காலத்தில் சுமார் 1,100 கிலோமீட்டர் தூரம் பனிமான் மந்தை ஓட்டிச் சென்றார்கள். இரண்டு ஆசிரியர்களும் ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்கள். இருவரும் திருமணம் செய்துகொண்டு மனைவியோடு அங்கே வாழ்ந்தவர்கள். இடையில் மாறியது எது என்பதுதான் இங்கே கேள்வி.

ஊரின் பெயர் கிங்கிகின். வரைபடத்தில் வேல்ஸ் என்றிருக்கும். அலாஸ்காவில் கேப் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற முனையில், அமெரிக்கப் பெருநிலத்தின் மேற்குக் கடைக்கோடியில் இருக்கிறது. பெரிங் நீரிணையைத் தாண்டினால் ஆசியா. இடைத்தூரம் 85 கிலோமீட்டர் அளவுதான். வானம் தெளிந்த நாளில் சைபீரியக் கரை கண்ணுக்குத் தெரியும். 1890-ல் இங்கே இனுபியாட் மக்கள் சுமார் 500 பேர் வாழ்ந்தார்கள். அந்தக் கரையின் பெரிய குடியிருப்புகளில் ஒன்று அது. வசந்தத்தில் திமிங்கிலம், பிறகு வால்ரஸ், ஆண்டு முழுதும் சீல் என்று வேட்டை நடக்கும். தோல் படகில் நீரிணையைக் கடந்து சைபீரியாவோடு வாணிகமும் செய்தார்கள். 1867-ல் ரஷ்யா இந்த நிலத்தை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றபோது இவர்களை யாரும் கேட்கவில்லை. 1877-ல் ஒரு வணிகக் கப்பலின் தளத்தில் மூண்ட கைகலப்பில் ஊர் ஆண்கள் பலர் கொல்லப்பட்டார்கள். செத்தது ஊர்க்காரர்கள், முரட்டு ஊர் என்ற கெட்ட பெயரும் அவர்களுக்கே வந்து சேர்ந்தது.

அலாஸ்காவின் கல்வி முகவராக 1885-ல் நியமிக்கப்பட்டவர் ஷெல்டன் ஜாக்சன். பிரெஸ்பிடீரியன் மிஷனரியான அவர் அரசுச் சம்பளமும் வாங்கினார். கல்விக்கு அரசு ஒதுக்கிய பணம் சொற்பம். எனவே அலாஸ்காவைச் சபைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார்: பாயின்ட் பேரோ பிரெஸ்பிடீரியன்களுக்கு, பாயின்ட் ஹோப் எபிஸ்கோபல் சபைக்கு, கிங்கிகின் காங்கிரிகேஷனல்காரர்களுக்கு. இந்தப் பாகப்பிரிவினை தமிழகத் திருச்சபை வரலாறு படித்தவர்களுக்குப் புதிதல்ல. இங்கும் மிஷன்கள் எல்லை வகுத்துக்கொண்டுதான் இயங்கின. மதுரையில் அமெரிக்கன் கல்லூரியும் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியும் இதே காங்கிரிகேஷனல் மரபிலிருந்து வந்தவை. ஆனால் கிங்கிகினுக்கு ஆள் அனுப்பியது வேறு அமைப்பு: அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்குத் தெற்கே பள்ளிகள் நடத்திவந்த அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன்.

1890 கோடையில் இருவர் வந்து இறங்கினார்கள். ஹாரிசன் தார்ன்டன் வர்ஜீனியாக்காரர். வில்லியம் தாமஸ் லாப், எல்லோருக்கும் டாம், இந்தியானாவில் பிறந்து 26 வயதைத் தொட்டவர். பலகை வீடு கட்டிப் பள்ளி தொடங்கியதும் ஊரே திரண்டு வந்தது. குழந்தைகளோடு பெரியவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். குளிர்காலத்தில் அது ஒரு வேடிக்கை. திமிங்கிலம் வந்ததும் வகுப்பு காலியாகும். அடுத்த ஆண்டு தார்ன்டன் பெண் தேடித் தாயகம் போனார். லாப் அந்தக் குளிர்காலத்தைத் தனியாக அங்கே கழித்தார். வேறு வெள்ளையர் இல்லாத ஊரில், பேச்சுக்கு ஆள் வேண்டுமென்றால் இனுபியாக் மொழியில்தான் பேசியாக வேண்டும். அவருடைய பிற்காலம் முழுதையும் அந்த ஒரு குளிர்காலம் தீர்மானித்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

1892-ல் தார்ன்டன் மனைவி நீடாவோடு திரும்பினார். கூடவே எல்லன் கிட்ரெட்ஜ் என்ற ஆசிரியை. மினசோட்டாவிலிருந்து வந்தவர், வயது 24. ஜூலையில் வந்து இறங்கினார். ஆகஸ்டில் டாமுக்கும் அவருக்கும் கல்யாணம். அவசரம் என்று சொல்லலாம். கடைசிக் கப்பல் போய்விட்டால் மறு கோடை வரை இன்னொரு கப்பல் கிடையாது என்ற ஊரில் யோசிக்க எவ்வளவு நேரம் இருந்திருக்கும்?

இரண்டு தம்பதியர் ஒரே பள்ளியில் வேலை செய்தார்கள், ஒத்துப்போகவில்லை. தார்ன்டன் நேர்மையானவர், உழைப்பாளி, ஆனால் அஞ்சியவர். சாராயம் வந்திறங்கும் ஊரில் அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சேட்டை செய்யும் பையன்களுக்குக் கதவு அடைபட்டது. லாப் தம்பதி 1893-ல் அங்கிருந்து விலகித் தெற்கே போர்ட் கிளாரன்ஸில் அரசு தொடங்கியிருந்த டெல்லர் பனிமான் நிலையத்துக்குப் போனார்கள். டாம் அதன் கண்காணிப்பாளர் ஆனார். கிங்கிகினில் தார்ன்டனும் நீடாவும் மட்டும் மிஞ்சினார்கள்.

ஆகஸ்ட் 19 இரவு கதவு தட்டப்பட்டது. தார்ன்டன் எழுந்து போனார். வெளியே பள்ளியிலிருந்து விலக்கப்பட்டிருந்த மூன்று இளைஞர்கள் திமிங்கில வேட்டைத் துப்பாக்கியோடு நின்றார்கள். கதவின் வழியாகவே சுட்டார்கள். திமிங்கிலத்தின் உடலைத் துளைப்பதற்காகச் செய்த ஆயுதம் அது. அதன்பின் நடந்ததைப் பள்ளி வரலாறுகள் வேகமாகக் கடந்துவிடுகின்றன: ஊரார் இருவரைப் பிடித்துத் தாங்களே கொன்றுவிட்டார்கள். தப்பிய மூன்றாமவனும் மறு ஆண்டு தன் சொந்தத் தாய்மாமனோ சிற்றப்பனோ ஆன உறவினரின் கையாலேயே மாண்டான். அமெரிக்கச் சட்டமும் நீதிமன்றமும் எட்டாத ஊரில் அது ஊரின் நீதி. அதோடு, அரசுக் கப்பலின் பீரங்கி ஊர்மீது திரும்பாமலிருக்கக் கொடுத்த விலையும்கூட.

கெட்ட ஆசிரியர், நல்ல ஆசிரியர் என்று இதைச் சொல்லி முடித்துவிடுவது சுலபம். தார்ன்டன் எழுதிவைத்த கையெழுத்துப்படி அவர் இறந்து 38 ஆண்டுகள் கழித்து, 1931-ல், நூலாக வந்தது. கிங்கிகினின் வேட்டை, வீடு, விளையாட்டு, சடங்கு எல்லாம் அதில் உண்டு. ஊரை வெறுத்தவர் அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க மாட்டார். என் கணிப்பில் பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. அந்தப் பள்ளி இளைஞர்களிடம் நிறையக் கேட்டது: நேரம் தவறாமை, அடக்கம், ஆங்கிலம், ஜெபம். பதிலுக்கு அவர்கள் கையில் எதைக் கொடுத்தது? ஒரு 17 வயது கிங்கிகின் பையனுக்குப் படகுத் தலைவரின் குழுவில் துடுப்புப் பிடிப்பதில் கிடைக்கும் மதிப்பில் பத்தில் ஒரு பங்குகூடச் சிலேட்டில் கிடைக்காது. பள்ளியிலிருந்து துரத்தப்பட்டவனுக்கு இழப்பதற்கு எதுவும் இல்லை. அவமானம் மட்டும் மிச்சம்.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது பனிமான். திட்டம் லாப் தம்பதியுடையதல்ல. ஜாக்சனும், ரோந்துக் கப்பல் பேர் என்பதன் தலைவர் மைக்கேல் ஹீலியும் வகுத்தது. 1848 முதல் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இந்தக் கடலில் புகுந்து திமிங்கிலத்தையும் பிறகு வால்ரஸையும் குவியல் குவியலாகக் கொன்றிருந்தன. அலாஸ்கா மக்கள் பட்டினியில் மடிகிறார்கள், சைபீரியாவின் சுக்சி மக்களைப் போல இவர்களும் மந்தை வளர்த்தால் பிழைப்பார்கள் என்று ஜாக்சன் வாஷிங்டனில் வாதாடினார். பட்டினி வாதம் மிகைப்படுத்தப்பட்டது. பெரிங் நீரிணை மக்கள் பொதுவாகப் பட்டினி கிடக்கவில்லை என்று வரலாற்றாசிரியர் டொரோத்தி ஜீன் ரே பின்னாளில் எழுதினார். அவர் சொல்வதே சரியென்று நினைக்கிறேன். நன்கொடை திரட்டப் பசி உதவும். ஜாக்சன் அதை அறிந்தவர். 1892 முதல் 1902 வரை சைபீரியாவிலிருந்து மொத்தம் 1,280 மான்கள் கப்பலில் கொண்டுவரப்பட்டன. மேய்ப்பு சொல்லித்தர முதலில் சுக்சிகள் வந்தார்கள். 1894-ல் நார்வேயிலிருந்து சாமி மக்களும் வந்தார்கள்.

1894-ல் டாமும் எல்லனும் கைக்குழந்தையோடு கிங்கிகினுக்குத் திரும்பினார்கள். தார்ன்டன் கொல்லப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. கூடவே மிஷனுக்கு அரசு கடனாகக் கொடுத்த 118 மான்களும் வந்தன. ஒரு மிஷனுக்குக் கிடைத்த முதல் மந்தை அதுதான்.

இதன் ஏற்பாட்டை நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் சொல்லிவிடலாம்: ஆட்டை வாரத்துக்கு விடுவது. மந்தை மிஷனுடையது, மேய்க்கும் இளைஞனுக்கு உணவும் உடையும் உண்டு, பிறக்கும் குட்டிகளில் ஆண்டுதோறும் அவனுக்கும் பங்கு விழும். சில ஆண்டுகள் பயிற்சி முடிந்தால் தன் மந்தையோடு தனியே போகலாம். ஒவ்வொரு மானின் காதிலும் உடையவரின் குறி வெட்டப்படும். அந்தக் குறி 18 வயதுப் பையனுடையதாக இருக்கலாம் என்பதுதான் இதில் புதுமை. கிங்கிகினில் அதுவரை செல்வம் என்பது படகு. படகு என்பது வயதில் மூத்த தலைவனுடையது.

வேலை லேசானதல்ல. ஊரில் வண்டியிழுக்கும் நாய்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன; மானைக் கண்டால் விடாது. அதனால் கிடையை ஊருக்கு வெளியே, வெகு தொலைவில் போட வேண்டும். மான் பனியைக் குளம்பால் தோண்டி அடியிலிருக்கும் பாசியைத் தின்னும். ஓரிடத்தில் பாசி தீர்ந்தால் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இரவு முறைக்காவல், புயலடித்தால் மந்தை சிதறும், விடிந்ததும் தடம் பார்த்துத் தேட வேண்டும். ஏப்ரலில் குட்டி ஈனும் காலம். பனியில் விழுந்த குட்டி ஈரம் காய்வதற்குள் எழுந்து நிற்க வேண்டும். காயடித்த கிடாயைச் சறுக்குவண்டிக்குப் பழக்குவது தனிக் கலை. முதல் சில வாரங்களில் மான் ஓட்டுபவனைத் திரும்பி முட்டும். கடலை மட்டுமே அறிந்த வேட்டைக்காரர் பிள்ளைகள் இதையெல்லாம் கற்றார்கள். டாமும் அவர்களோடு சேர்ந்தே கற்றார். ஆசிரியனும் மாணவனும் ஒரே பாடத்தில் தொடக்கநிலையில் இருந்தது நல்லதாயிற்று.

எல்லனைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவரை டாமின் மனைவியாகவே நிறுத்திவிடுகிறார்கள். அவருடைய கடிதங்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐஸ் விண்டோ என்ற பெயரில் நூலாக வந்திருக்கின்றன. அவற்றைப் படித்தால் பள்ளி, வீடு, மருத்துவம், தையல், கணக்கு எல்லாவற்றையும் யார் சுமந்தார்கள் என்பதில் ஐயம் இருக்காது. பத்தாண்டில் ஆறு பிள்ளைகள். பிள்ளைகளுக்கு இனுபியாட் குழந்தைகளைப் போலவே தோல் அங்கி. தோல் தைக்க ஊர்ப் பெண்களிடம் கற்றுக்கொண்டார். வீட்டுக்கதவு திறந்தே கிடந்தது. வந்தவர்கள் தரையில் அமர்ந்து படம் பார்த்தார்கள், பாடினார்கள், சும்மாவும் இருந்தார்கள். தார்ன்டன் வீட்டில் கதவு எதற்குப் பயன்பட்டது என்பதை நினைத்தால், இந்தச் சிறு செய்தியின் கனம் புரியும்.

ஆண்டுக்கு ஒருமுறை தபால் வரும் ஊரில் பத்திரிகை நடத்தினால் அதுவும் ஆண்டுக்கு ஒருமுறைதானே வர முடியும்? 1893-ல் தொடங்கிய எஸ்கிமோ புல்லட்டின் அப்படித்தான் வந்தது. உலகத்திலேயே ஆண்டுக்கொரு முறை வரும் ஒரே பத்திரிகை என்று தன்னைத்தானே கேலியாக அறிவித்துக்கொண்டது. பிற்பாடு சின்ன அச்சுப்பொறி வந்தது. எழுத்து கோத்தவர்களும் படம் செதுக்கியவர்களும் ஊர் இளைஞர்கள். திமிங்கிலம் எத்தனை கிடைத்தது, எந்தக் கப்பல் வந்தது, மந்தை எவ்வளவு பெருகியது என்று ஊர்ச்செய்தி அதில் வந்தது. தந்தத்தில் படம் கீறுவது அந்த மக்களுக்குப் பரம்பரைக் கலை. அந்தக் கைத்திறன் நேராக அச்சுக்கு வந்தது. ஊட்டென்னா என்ற இளைஞரின் பெயர் அச்சகத்திலும் மந்தையிலும் மாறி மாறி வருகிறது.

1897 இலையுதிர்காலத்தில் எட்டுத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் பாயின்ட் பேரோ அருகே பனியில் சிக்கின. மாலுமிகள் 265 பேருக்கு மேல். பட்டினியால் சாவார்கள் என்று கருதிய குடியரசுத் தலைவர் மெக்கின்லி பேர் கப்பலை அனுப்பினார். டிசம்பர் நடுவில், கப்பல் போகக்கூடிய கடைசி இடத்தில், டேவிட் ஜார்விஸ், எல்ஸ்வொர்த் பெர்த்தோல்ஃப், மருத்துவர் சாமுவேல் கால் மூவரும் இறங்கினார்கள். உணவைச் சுமந்துபோக வழியில்லை. நடக்கும் உணவாக மான்களை ஓட்டிப்போவது என்று திட்டம். அரசிடம் மான் போதவில்லை. யாரிடம் இருந்தது? சார்லி ஆண்டிசார்லுக் என்ற இனுபியாட் மேய்ப்பரிடம் 138, கிங்கிகினில் சுமார் 300.

சார்லியும் மனைவி மேரியும் தயங்கினார்கள் என்று ஜார்விஸே தன் அறிக்கையில் பதிவு செய்திருக்கிறார். அந்த மந்தைதான் அவர்கள் செல்வம். சுற்றியிருந்த குடும்பங்களும் அதை நம்பியிருந்தன. திருப்பித் தருவதாக அரசு அதிகாரி சொல்லும் வாக்கைத் தவிரப் பிணை எதுவும் இல்லை. கொடுத்தார்கள். டாமுக்கும் அதே சங்கடம்: நான்காண்டு உழைப்பு, இளைஞர்களின் பங்கும் அதற்குள். அவரும் சம்மதித்தார், தானே ஓட்டிவருவதாகவும் சொன்னார். 1898 பிப்ரவரி 3 அன்று சார்லியும் ஊர் இளைஞர்கள் ஒரு சிலரும் டாமும் 430-க்கு மேற்பட்ட மான்களோடு புறப்பட்டார்கள். கோட்ஸெபியு விரிகுடாவைக் கடற்பனியின் மேலேயே கடந்தார்கள். அங்கே பாசி கிடையாது, பசித்த மந்தை வந்த வழியே திரும்பப் பார்த்தது. மார்ச் இறுதியில் 382 மான்கள் பேரோ போய்ச் சேர்ந்தன.

அந்த மாதங்களில் கிங்கிகினில் பள்ளியும் மிச்சமிருந்த மான்களும் சிறு குழந்தைகளும் எல்லன் பொறுப்பில் இருந்தன. வேறு வெள்ளையர் அருகில் இல்லை. கணவன் உயிரோடு இருக்கிறாரா என்று அறியவும் வழியில்லை. ஐந்தாண்டுக்கு முன் ஆசிரியர் சுடப்பட்ட ஊர் அதுவே என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், அந்த மூன்று மாதம் அசம்பாவிதம் ஏதுமின்றிக் கழிந்ததுதான் இந்தத் தம்பதியின் பணிக்கு ஆகச் சிறந்த சான்று என்பேன். மீட்புப் பயணம் அல்ல.

ஏனென்றால், பேரோவில் நிலைமை அஞ்சியபடி இல்லை. அங்கிருந்த வணிகர் சார்லஸ் ப்ரவர், உள்ளூர் வேட்டைக்காரர்களைக் கொண்டு காட்டுமான் இறைச்சி திரட்டி மாலுமிகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். ஓட்டிவந்த மான்கள் உதவின. ஆனால் அவை இல்லாவிட்டால் எல்லோரும் செத்திருப்பார்கள் என்பதற்கில்லை. ஜார்விஸுக்கும் தோழர்கள் இருவருக்கும் 1902-ல் நாடாளுமன்றம் தங்கப்பதக்கம் அளித்தது. டாம், சார்லி, மேய்ப்பர்கள் ஆகியோருக்குச் சேர்த்து 2,500 டாலர் பகிர்ந்தளிக்க மெக்கின்லி பரிந்துரைத்திருந்தார். மந்தை கொடுத்தவர்களுக்கும் ஓட்டியவர்களுக்கும் தங்கம் இல்லை.

லாப் தம்பதியைப் புனிதர்களாக்குவதில் எனக்கு ஆர்வம் இல்லை. அவர்களும் ஆங்கிலப் பள்ளிதான் நடத்தினார்கள். ஜாக்சனின் கொள்கை அது. மந்தைக்குப் பின்னால் உள்நாட்டில் அலையும் இளைஞன் கடல் வேட்டையை விட்டு விலகுகிறான். ஐந்தாண்டு கழித்துத் திரும்பினால் படகில் அவனுக்கு இடம் இருக்குமா என்பது ஊர் மூத்தவர்களின் நியாயமான கவலை. பயிலுநர் முறை சில இடங்களில் வெறும் கூலியற்ற வேலையாகச் சரிந்ததும் உண்டு. இன்னொன்று: 1898-ல் நோம் பகுதியில் தங்கம் கிடைத்தது. கண்டுபிடித்த மூவரில் ஒருவரான யாஃபெட் லிண்டபெர்க் பனிமான் திட்டத்தில் வேலைக்கு வந்தவர்தான். ஆயிரக்கணக்கில் வெளியார் குவிந்தார்கள். 1900-ல் தட்டம்மையும் இன்ஃபுளுவென்ஸாவும் சேர்ந்து கரையோர ஊர்களைச் சூறையாடின. சார்லி அதில் இறந்தார்.

1902-ல் டாமும் எல்லனும் பிள்ளைகளோடு கிங்கிகினை விட்டுக் கிளம்பினார்கள். டாம் பிறகு அரசுப் பணியில் சேர்ந்து, 1910 முதல் 1925 வரை சியாட்டிலில் இருந்தபடி அலாஸ்காப் பழங்குடிப் பள்ளிகளையும் பனிமான் திட்டத்தையும் நிர்வகித்தார். கிங்கிகின் பாடத்தை அவர் அங்கும் விடவில்லை: மான் பழங்குடியினரின் கையில் இருக்க வேண்டும். அவர்கள் பெண் மானை வெளியாருக்கு விற்க விதி இடம்தரவில்லை. ஆனால் சாமி மேய்ப்பர்களுக்கு அந்தத் தடை இல்லை. அந்த ஓட்டை வழியாக 1914-ல் லோமன் குடும்பத்தார் ஒரு மந்தையை வாங்கி, வெளியூர் முதலீட்டோடு பெரிய இறைச்சி நிறுவனமாக வளர்ந்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் மான்களின் தொகையை ஆறு லட்சத்துக்கு மேல் என மதிப்பிட்டார்கள். மேய்ச்சல் அழிந்தது, மந்தைகள் கலந்தன, காதுக்குறிக்கு அர்த்தமில்லாமல் போனது. 1937 சட்டம் உடைமையைப் பழங்குடியினருக்கு மட்டும் என்று ஆக்கியபோது சரிவு தொடங்கியிருந்தது. 1950 வாக்கில் எஞ்சியவை சுமார் 25,000. டாம் 1939-லும் எல்லன் 1947-லும் இறந்தார்கள்.

சார்லியின் மந்தைக்கு என்ன ஆயிற்று? அவர் இறந்ததும் உடன்பிறந்தவர்கள் உரிமை கோரினார்கள். பெண்ணுக்குச் சொத்தா என்ற கேள்வி எழுந்தது. மேரி விடாமல் போராடிப் பாதியைப் பெற்றார். தங்கம் தேடி வந்த வெள்ளையர்கள் சிலர் அவரை மணந்து மந்தையை அடையப் பார்த்தார்கள். மான்களைத் திருடியவர்களும் உண்டு. அவர் கிடையை உனலக்லீட் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். சின்ராக் மேரி என்றும் பனிமான் ராணி என்றும் பெயர் பெற்றார். பெற்ற பிள்ளைகள் இல்லை. தொற்றில் பெற்றோரை இழந்த குழந்தைகளை எடுத்து வளர்த்து, வளர்ந்ததும் அவர்களுக்கு மேய்ப்புப் பழக்கி, மந்தையில் சேர்த்துக்கொண்டார். 1948-ல் இறக்கும்வரை அதையே செய்துவந்தார். எந்த மிஷனும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.